இரண்டு பேருக்கும் ரிட்டர்ன் டிக்கெட்

என் மனைவியை என் மகள் சிங்கப்பூரிலேயே நிறுத்திக்கொண்டு, என்னை மட்டும் ஒரு பெட்டியோடு திருச்சிக்கு விமானம் ஏற்றிவிடப் போகிறாள் என்று நான் நம்பினேன். சும்மா ஒரு சந்தேகம் என்று நினைக்க வேண்டாம். முழு மனதாக, ஒரு வாரத்துக்கு மேல், சோறு இறங்காமல் நம்பினேன். சோறு இறங்கவில்லை என்பதை என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள். அந்த வாரத்தில் நான் சாப்பிட்ட இட்லிகளின் எண்ணிக்கை அவளுக்குத் தெரியும்.

இப்படி நம்பியதற்குக் காரணம் எங்கள் தெரு. மன்னார்குடியிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் என்பது இங்கே பழைய சங்கதி. புதிய சங்கதி என்னவென்றால், பிள்ளைகளைப் பார்க்க ஜோடியாகப் போகிறவர்கள் ஜோடியாகத் திரும்புவதில்லை. அங்கே பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆள் என்றால் பாட்டி. தாத்தாவை, “ஊர்ல வீடு பூட்டிக் கிடக்குதுல்ல” என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் தெருவில் மட்டும் இப்படி மூன்று பேர். ஒருவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், மனைவி அமெரிக்காவில். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று அவர் வீடியோ காலில் கேட்பது ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கும். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைத்து சனிக்கிழமை வரை சுடவைக்கிறார். மூன்றாமவர் சமைப்பதே இல்லை, வந்த கல்யாணப் பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். இந்த ஏற்பாட்டுக்கு டீக்கடையில் ‘ஆயா விசா’ என்று பெயர். பெயர் வைத்தது நான்தான். அப்போது என் மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

சிங்கப்பூருக்கு நாங்கள் போவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை பத்து நாள்தான். பூங்கா, பறவைகள், கடற்கரை என்று மாப்பிள்ளை சுற்றிக் காட்டினார். மனைவி காலில் கொப்புளத்தோடும் நான் முந்நூறு போட்டோவோடும் வந்து சேர்ந்தோம். இந்தத் தடவை முப்பது நாள். கிளம்புவதற்கு முதல் நாள் டீக்கடையில் டிக்கெட்டைப் போனில் திறந்து ஹெட்மாஸ்டரிடம் காட்டினேன். “பாத்துக்குங்க சார், ரெண்டு பேருக்கும் ரிட்டர்ன் போட்டிருக்கு.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். “எனக்கும் அப்படித்தான் தம்பி போட்டாங்க” என்றார். அப்புறம் டீயைக் குடித்தார்.

மகள் புது வேலையில் சேர்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இரண்டரை வயதுப் பேத்தியை அப்போதுதான் பிளேஸ்கூலில் போட்டிருக்கிறார்கள், வாசலில் நின்று அழுகிறாள் என்று தெரியும். வீட்டு வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்ட பெண் இரண்டு மாதம் கழித்துத்தான் வர முடியும் என்பதும் தெரியும். மூன்றும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்திருந்தன. மூன்றையும் கூட்டிப் பார்க்க, திருச்சியில் விமானம் ஓடத் தொடங்கும்வரை தோன்றவில்லை. தோன்றிய மாத்திரத்தில் பக்கத்தில் பார்த்தேன். மனைவி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

எங்கள் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். பட்டா என் பேரில், விவசாயம் அவள் பேரில். உரம் எப்போது, தண்ணீர் எவ்வளவு, அறுப்பு மிஷின்காரரை எந்த நாளுக்கு வரச் சொல்வது, எல்லாம் அவள் கணக்கு. நான் விவசாய ஆபீசுக்குப் போவேன், சிட்டா அடங்கல் வாங்குவேன், கையெழுத்துப் போடுவேன், கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருவேன். நாங்கள் கிளம்பியபோது குறுவைப் பயிரில் கதிர் பால் பிடித்திருந்தது. அதைத் தன் தம்பியிடம், அதாவது என் மச்சானிடம், ஒப்படைத்தாள். வரப்பில் நிறுத்தி ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாள். நான் வண்டியில் சாய்ந்து நின்று நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை.

மகள் வீடு பன்னிரண்டாவது மாடி. போய் இறங்கிய அன்றே ஒரு முழு அலமாரியை அம்மாவுக்காகக் காலி செய்து வைத்திருந்தாள். எனக்கு ஷோகேஸுக்குக் கீழே ஒரு டிராயர். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து பேத்தியைப் பிளேஸ்கூலில் விடுவது எங்கள் வேலை ஆயிற்று. முதல் மூன்று நாள் மனைவி கூட்டிப் போனாள். குழந்தை லிஃப்டிலேயே அழ ஆரம்பித்து, வாசலில் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நாலாம் நாள் மனைவிக்கு முழங்கால் வலி, நான் போனேன். எனக்குக் குழந்தையைச் சமாதானப்படுத்தத் தெரியாது. தெரிந்த ஒரே வித்தை, அறுப்பு மிஷின் மாதிரிச் சத்தம் போடுவது. மிஷின் வயலில் இறங்குவது, திரும்புவது, பின்னால் வரும்போது பீப் பீப் என்பது, சேற்றில் மாட்டி டிரைவர் திட்டுவது, எல்லாம் போட்டுக்கொண்டு நடந்தேன். பேத்தி அழ மறந்துவிட்டாள். பிளேஸ்கூல் வாசலில் நான் ரிவர்ஸ் எடுத்தேன். அவள் கையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அங்கிருந்த சீனத்து டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நான்தான் தினமும். மனைவி வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்றால், ஜன்னலில் இருந்தாள். பன்னிரண்டாவது மாடியிலிருந்து வானத்தைப் பார்த்து, மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று என்னிடம் கேட்பாள். ‘அது இந்த ஊர் மேகம், நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை’ என்பேன். காலையிலும் மாலையிலும் தம்பிக்குப் போன் போடுவாள். ஒரு நாள் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனபோது கீரைக்கட்டைக் கையில் எடுத்து, வேர்மண்ணைத் தேய்த்துப் பார்த்தாள். மண்ணே இல்லை, பஞ்சில் வளர்த்தது. கீரையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. பயந்தவன் தன் பயத்துக்குத் தோதானதை மட்டும்தான் பொறுக்குவான்.

பொறுக்குவதற்கு நிறையக் கிடைத்தது. பதினொன்றாம் நாள் மாலை நான் பின்பக்கம் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அம்மாவும் மகளும். மகள் சொன்னாள்: “விசாவ நீட்டிடலாம்மா. ஆன்லைன்லயே முடிஞ்சிரும். அப்பாகிட்ட எப்ப சொல்றது?”

“இப்ப சொல்லாத. சொன்னா ஆட்டம் போடுவாரு” என்றாள் என் மனைவி. “நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்.”

நான் அந்தத் துணிகளை மடித்தேன். என் வாழ்க்கையில் துணி மடித்தது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையின் சட்டைக் கையையும் பேத்தியின் பாவாடையையும் சேர்த்து மடித்திருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

மறுநாள் காலை மனைவி என்னை அடுப்புப் பக்கம் கூப்பிட்டாள். அரிசி ஒரு டம்ளர், தண்ணீர் இந்தக் கோடு வரைக்கும், இந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், அது தானாக மேலே வரும், வந்ததும் உடனே திறக்கக்கூடாது என்று ரைஸ் குக்கரைக் காட்டினாள். ஊரில் நான் தனியாகப் பொங்கித் தின்னப் பழக்குகிறாள் என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் ரைஸ் குக்கர் கிடையாது என்பதை யோசிக்கும் நிலையில் நான் இல்லை. அடுத்த நாள், பேத்திக்கு இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொடுத்தாள். “கை பழகட்டும்” என்றாள். கிளம்பும் முன்னால் குழந்தையோடு நாலு நாள் ஆசையாக இருக்கட்டும் என்று விடுகிறாள் போல என நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னினேன். ஒரு சடை காதுக்கு மேலேயும் இன்னொன்று பிடரியிலும் வந்தது.

நம்பிக்கையான ஆளிடம் கேட்போம் என்று ஹெட்மாஸ்டருக்குப் போன் போட்டேன். எத்தனை நாள் முன்னால் உங்களிடம் சொன்னார்கள் என்று கேட்டேன். ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி வந்து நின்ற பிறகு என்றார். ஏர்போர்ட்டில் ரொம்பக் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன்.

“ஏர்போர்ட்ல ஒண்ணும் இல்ல தம்பி. அங்க எல்லாம் ஓட்டம்தான். வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில, பழக்கத்துல ரெண்டு டம்ளர் எடுத்து வச்சேன் பாருங்க. அப்பதான்.”

அதற்கு மேல் இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம். ஊரில் மழை இல்லை என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பயம் சோற்றைப் பற்றி இல்லை. மன்னார்குடியில் மெஸ் இருக்கிறது. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம், தினமும் அவளிடம் நாலு ஜோக்காவது சொல்கிறேன். ஒன்றுக்கும் அவள் சிரித்ததில்லை. சிரிக்காமல் இருப்பதற்கும் ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அவள் இல்லாத வீட்டில் நான் யாரிடம் வாய் கொடுப்பது? மாட்டிடமா? மாட்டையும் மச்சான் வீட்டில் கட்டியிருந்தது.

சரி, நேரடியாகக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாள் என்ற பயம். அதனால் வேறு வழி யோசித்தேன். அவளை எது ஊருக்கு இழுக்கும்? நான் இழுத்தால் வரமாட்டாள், வயல் இழுத்தால் வருவாள். என் போனில் பழைய போட்டோ ஒன்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மழையில் எங்கள் பயிர் சாய்ந்து, கதிர் தண்ணீரில் கிடந்தபோது இன்சூரன்ஸுக்காக எடுத்தது. வயல், வரப்பு, ஓரத்தில் மோட்டார் கொட்டகை எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். மச்சான் போன் பண்ணினான், ஊரில் மழையாம், பயிர் சாய்ந்துவிட்டதாம், உன்னிடம் சொல்லப் பயந்துகொண்டு என்னிடம் அனுப்பினான் என்று போனை நீட்டினேன். பயிரைச் சாய்த்தது ஒரு பொய், அதில் மச்சானைக் கோழையாக்கியது இன்னொரு பொய். இரண்டாவது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

மனைவி போனை வாங்கினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கினாள். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நகர்த்தினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் ஒரு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு போனை என் தட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

“மாப்பிள்ள, நாளன்னிக்குத் திருச்சிக்கு ஒரு டிக்கெட் கிடைக்குமான்னு பாருங்க.”

“ரெண்டு” என்றேன்.

“ஒண்ணு” என்றாள். “நீங்க வந்து சாஞ்ச பயிர நிமித்தப் போறீங்களா?”

“நான் கூடமாட...”

“முப்பது வருஷமாக் கூடமாட இருந்ததப் பாத்துட்டேன். இங்க இருங்க. புள்ள உங்ககிட்டதான் அழாமப் போவுது.”

மகள் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். “அப்பா, நாங்களே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தோம். வேலைக்கு ஆள் வர்ற வரைக்கும் நீங்க இருந்தீங்கன்னா போதும்ப்பா. அம்மா பாவம், இங்க இருப்புக் கொள்ளல. பாப்பாவுக்கும் நீங்கதான் வேணுமாம். விசாவ நீட்டிடலாம், அவர் பாத்துக்குவாரு.”

நான் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் போனில் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தார். ஐந்து வருஷத்தில் அவர் எந்தக் காரியத்தையும் அவ்வளவு வேகமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவின் சரித்திரத்தில் ஆம்பளையை நிறுத்திவைத்ததாக ஒரு தகவலும் கிடையாது. அப்படி ஒன்று நடக்கலாம் என்பதே என் புத்தியில் ஏறவில்லை. குக்கரும் சடையும் எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் பொய்யைத் திரும்ப வாங்கப் பார்த்தேன். மச்சான் எப்போதும் கொஞ்சம் பெரிசு பண்ணித்தான் சொல்வான், ஒரு ஓரம் மட்டும் சாய்ந்திருக்கும், வெயில் அடித்தால் தானே எழுந்துவிடும் என்று அடுக்கினேன். போய்ப் பார்த்துவிட்டுப் போன் பண்ணுகிறேன் என்று சொல்லி அவள் மோர் ஊற்றிக்கொண்டாள்.

அடுத்த ஒரு நாள் முழுக்க வீட்டில் எல்லோரும் என்னிடம் பிரியமாக இருந்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. மகள் என் துணிகளை டிராயரிலிருந்து எடுத்து அம்மாவின் அலமாரிக்கு மாற்றினாள். மனைவி புடவைகளை மடித்து, மேலே பேத்தியின் பழைய சட்டை ஒன்றையும் வைத்துப் பெட்டியை மூடினாள். மூன்று நிமிஷத்தில் முடிந்தது. ஊரிலிருந்து கிளம்பும்போது அதே பெட்டியைக் கட்ட அவளுக்கு நான்கு நாள் ஆகியிருந்தது.

ஏர்போர்ட்டுக்கு நான் மட்டும் கூடப் போனேன். மகளுக்கு ஆபீஸ், மாப்பிள்ளை டாக்ஸியில் ஏற்றிவிட்டுக் குழந்தையோடு இருந்துகொண்டார். பெட்டியைப் போட்டுவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளுக்குப் போக இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அவள் பாஸ்போர்ட்டைத் திறந்து தன் போட்டோவைப் பார்த்தாள். மூடினாள்.

“அந்தப் போட்டோவுல மோட்டார் கொட்டகைக்கு ஓலை கிடக்கு” என்றாள்.

நான் எதிரே இருந்த அறிவிப்புப் பலகையைப் படிக்க ஆரம்பித்தேன்.

“தகரம் போட்டு ரெண்டு வருஷமாச்சு. போட்டப்ப நீங்கதான் மேல ஏறி ஆணி குடுத்தீங்க.”

“தெரிஞ்சுமா கிளம்பின?”

“பின்ன? பாதியிலயே சும்மா போறேன்னா மவ மனசு சங்கடப்படும். என்ன சொல்லிட்டுக் கிளம்புறதுன்னு ஒரு வாரமாத் தவிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்களே கொண்டாந்து குடுத்தீங்க.” பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்தாள். “எனக்கு அந்த வீட்ல மூச்சு முட்டுதுங்க. ஜன்னலத் தொறந்தா ஒரு வாசமும் இல்ல. அறுப்பு நேரம் வேற. தம்பி நல்லவன்தான், ஆனா மிஷின்காரன் ஏமாத்திருவான்.”

அப்புறம் கேட்டாள்: “நீங்க எதுக்கு அதக் காட்டினீங்க?”

இதற்கு ஒரு நல்ல ஜோக் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. “உன்ன இங்கயே வச்சுக்குவாங்கன்னு நெனச்சேன்” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “என்னை யாரு வச்சுக்க முடியும்” என்றாள். பிறகு, தண்ணீர்க் கோட்டுக்கு மேலே ஊற்றினால் சோறு குழைந்துவிடும், குழந்தைக்குக் குழைந்தால் பிடிக்காது என்று ஞாபகப்படுத்தினாள். நேரம் ஆனதும் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்து, நேராகிவிட்டாள். உள்ளே போகும் கதவு வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே போன மற்றவர்கள் எல்லோரும் திரும்பிக் கையாட்டினார்கள். அவள் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் சரிபார்ப்பதில் இருந்தாள்.

விசாவை என் பெயருக்கு நீட்டினார்கள். மொத்தம் ஐம்பத்தெட்டு நாள் இருந்தேன். தினமும் காலையில் சோறு வைத்தேன், சடை பின்னினேன், பேத்தியைப் பிளேஸ்கூலில் விட்டேன், பன்னிரண்டு மணிக்குக் கூட்டி வந்தேன். ஊரில் பயிர் நன்றாகவே நின்றிருந்தது. அவள் குறுவையை மழைக்கு முன்னால் அறுத்து, அதே வயலில் அடுத்த போகமான தாளடி நடவையும் முடித்தாள். நவம்பர் முதல் வாரம் நான் திருச்சியில் வந்து இறங்கினேன். அவள் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை. வயலில் களை எடுக்க ஆள் விட்டிருந்தாள், மச்சானை அனுப்பியிருந்தாள்.